அகலமான டயர் போட்டால் ஸ்கூட்டி வழுக்காதா?

உப்புவெளிக்காரி:

வணக்கம். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வதால் இங்கே கேட்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள்.

நான் உப்புவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறவள். இவ்வளவு நாளும் காய்ந்து கிடந்த பிறகு போன கிழமை முதல் தூறல் விழுந்ததே, அன்றைக்குப் பின்னேரம் நிலாவெளி ரோட்டில் இருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது முன் சில்லு சட்டென்று வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்கூட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேகம் 30க்கு மேல் இருக்காது. முழங்கை உரஞ்சியது, சாப்பாட்டுப் பெட்டி நெளிந்தது, வேறு ஒன்றுமில்லை. அந்தத் திருப்பத்தில் எப்போதும் டிப்பரில் இருந்து கொட்டுப்பட்ட மணல் கிடக்கும், கடற்காற்றும் தன் பங்குக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வெயில் காலத்தில் அதே இடத்தில் அதே வேகத்தில் எத்தனையோ தரம் திரும்பியிருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை.

இவரின் தம்பி சொல்கிறார், டயரில் காற்றைக் குறைத்து ஓடுங்கள் அண்ணி, நன்றாகப் பிடிக்கும் என்று. எங்கள் பக்கத்துக் கராஜ்காரர் அகலமான டயர் போடச் சொல்கிறார். உயர்தரம் படிக்கிற மகளோ பௌதிகவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, உராய்வு தொடுகைப் பரப்பில் தங்கியிருக்காது அம்மா, அகலமான டயருக்குக் காசு கொடுப்பது வீண் என்கிறாள். இதில் யார் சரி? இன்னொன்று, திரும்பும்போது பிரேக்கையும் கொஞ்சம் பிடித்திருந்தேன். அதுவும் ஒரு காரணமா?

மாஸ்டர்_திருமலை:

தங்கச்சி, மகள் சொன்னது சரி, கராஜ்காரர் சொன்னதும் முழுப் பிழை இல்லை, ஆனால் உங்களை விழுத்தியது டயரின் அகலம் அல்ல.

முதலில் மகளின் புத்தகம். உராய்வு விசை செவ்வன் மறுதாக்கத்துக்கு (தரை பொருளைத் தாங்கித் திருப்பித் தள்ளுகிற விசைக்கு) விகிதசமம், தொடுகைப் பரப்பில் தங்கியிருப்பதில்லை என்பதைப் பிரான்சில் அமொந்தன் 1699இல் சொன்னார், 1785இல் கூலோம் அதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்து எழுதினார். லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இது அதற்கும் 200 வருடத்துக்கு முந்தியே இருக்கிறது, மனிதர் வெளியிடாமல் வைத்துவிட்டார். இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும்போது உண்மையில் தொடுவது நுண்ணிய மேடுகளின் நுனிகள் மட்டும்தான். பாரம் கூடினால் அந்த நுனிகள் நசிந்து தொடுகிற இடம் கூடும். கண்ணுக்குத் தெரிகிற பரப்பைப் பெரிதாக்கினால் அதே பாரம் கூடுதல் இடத்தில் பங்கிடப்படும், மொத்தத்தில் உண்மையான தொடுகை அப்படியே இருக்கும்.

றப்பர் இந்த விதிக்குக் கொஞ்சம் அடங்காத சாமான். அது மென்மையானது, தாரில் உள்ள கல்லின் மேடு பள்ளத்துக்குள் இறங்கி அமுங்கும், ஒட்டவும் செய்யும், அமுங்கி நிமிரும்போது சக்தியை வெப்பமாக இழக்கும். அதனால் றப்பரில் அழுத்தம் கூடக் கூட உராய்வுக் குணகம், அதாவது உராய்வு பாரத்தில் எத்தனை பங்கு என்கிற எண், சற்றுக் குறையும். அகலமான டயருக்கு ஓட்டப் பந்தயக் கார்களில் மதிப்பு இருப்பதற்கு இது ஒரு காரணம், அகலமாக இருந்தால் மென்மையான றப்பரைச் சூடேறிக் கரையாமல் பாவிக்கலாம் என்பது இன்னொரு காரணம். உங்கள் ஸ்கூட்டிக்கு இது பெரிதாக உதவாது. ஏனென்றால் டயர் தரையில் பதிகிற இடத்தின் பரப்பு ஏறக்குறையப் பாரத்தைக் காற்றழுத்தத்தால் பிரித்தால் வருவது. நீங்களும் ஸ்கூட்டியும் சேர்ந்து 180 கிலோ, காற்று 30 பி.எஸ்.ஐ. என்று வைத்தால் ஒரு சில்லுக்கு 40 சதுர சென்ரிமீற்றரை ஒட்டித்தான் வரும். அதே காற்றில் அகலமான டயர் போட்டாலும் அந்தப் பரப்பு அவ்வளவாக மாறாது, நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான்.

இப்போது விழுந்த கதைக்கு வருவோம். 30 குறைந்த வேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் போகும்போது குறைவுதான். ஒழுங்கைக்குள் திரும்புகிற வளைவின் ஆரை 12 மீற்றர் என்று எடுத்தால், 30 கிலோமீற்றரில் திரும்புவதற்குத் தேவையான உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.6 வருகிறது. காய்ந்த தாரில் நல்ல டயருக்கு 0.7, 0.8 கிடைக்கும், அதனால்தான் வெயில் காலம் முழுக்கத் தப்பினீர்கள். நனைந்த தாரில் அது 0.4, 0.5க்கு இறங்கும், முதல் தூறலில் அதற்கும் கீழே போகும். மணல் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம், றப்பருக்கும் தாருக்கும் நடுவில் மணல்மணி உருண்டுகொண்டிருக்க டயர் தாரைத் தொடவே இல்லை. இதே வளைவை 20இல் எடுத்திருந்தால் 0.26 போதும். 15இல் 0.15. வேகத்தின் வர்க்கத்தில் போகிற கணக்கு என்பதால் கொஞ்சம் குறைத்தாலே நிறையக் குறையும்.

பிரேக் விடயத்தையும் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். டயரிடம் உள்ள மொத்தப் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி, பிரேக்குக்குக் கொடுத்ததைத் திரும்புவதற்கும் கொடுக்க முடியாது. ஏற்கெனவே குறைந்து கிடந்த பிடிப்பில் ஒரு பகுதியைப் பிரேக் எடுத்துக்கொண்டது, மிச்சம் வளைவுக்குக் காணவில்லை. நேராக வரும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, பிரேக்கை விட்டபின் சரிய வேண்டும்.

தம்பியார் சொன்ன காற்றுக் கதை கடற்கரை மணலில் புதைகிற ஜீப்புக்குப் பொருந்தும். அங்கே பிரச்சினை வழுக்குவது அல்ல, புதைவது. காற்றைக் குறைத்தால் பதிகிற பரப்பு விரிந்து சில்லு மணலுக்கு மேலே நிற்கும். தார் ரோட்டில் காற்றுக் குறைந்த டயர் வளைவில் நெளியும், சூடேறும், மழைத் தண்ணீரில் மிதக்கிற வேகமும் குறைந்துவிடும். 1960களில் நாசா விமான டயர்களில் செய்த சோதனைகளில் கண்ட விதிப்படி, டயர் தண்ணீருக்கு மேலே மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். 30 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 90 கிலோமீற்றர் அளவு, 20க்கு 75 அளவு. வட்டமான ஸ்கூட்டி டயருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, அது தண்ணீரைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஆனால் காற்றைக் குறைத்தால் மழையில் நல்லது என்கிற கதை எந்த டயருக்கும் சரிவராது.

கிண்ணியா_கராஜ்:

மாஸ்டர் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா கணக்கில் டயர் புதுசு என்று வைத்துத்தானே எழுதியிருக்கிறார். நான் பார்க்கிற ஸ்கூட்டிகளில் பாதிக்கு டயர் றப்பர் இல்லை, பிளாஸ்டிக். தங்கச்சி, ஒருக்கா டயரின் பக்கவாட்டில் பாருங்கள், ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, பின் இரண்டும் எந்த வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. மேலே வெட்டியிருக்கிற பூ தேயாமல் அழகாக இருக்கும், ஆனால் நம்ம ஊர் வெயிலில் வருடக்கணக்காக நின்று நின்று றப்பர் இறுகிப் போயிருக்கும், நகத்தால் அழுத்தினால் இறங்காது, ஓரத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு தெரியும். அந்த டயருக்கு மாஸ்டர் சொன்ன 0.7 எங்கே வரப்போகிறது. 2022இல் டயர் விலை ஏறினதுக்குப் பிறகு பூ இருக்கிறதுதானே என்று ஓட்டுகிற ஆட்கள் கூடிவிட்டார்கள், நான் குறை சொல்லவில்லை, காசு இல்லாவிட்டால் என்னதான் செய்கிறது. அகலமான டயருக்குக் கொடுக்கிற காசில் கம்பனி சொன்ன அளவிலேயே புது டயர் போடுங்கள். சின்ன ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் அதன் வளைவு மாறி, சரித்துத் திரும்பும்போது ஒருவிதமாகத் தள்ளும். புதுசு போட்டதும் உடனே சாகசம் காட்டவும் வேண்டாம். அச்சில் இருந்து எடுக்கப் பூசுகிற வழுவழுப்பு மேலே கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

இன்னொரு சாமான், நம்ம ஆட்களுக்கு முன் பிரேக் என்றால் பயம். அதைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதிலேயே யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். பிரேக் பிடித்ததும் பாரம் முழுக்க முன் சில்லுக்குப் போகிறது, பின் சில்லில் பாரம் இல்லை, பாரம் இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் அது இறுகி நின்று வால் ஆட்டும், வண்டி நிற்காது. நேராகப் போகும்போது முன் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும், சடாரென்று இழுக்காமல் ஒரு கணம் மெதுவாகப் பிடித்து, பாரம் முன்னுக்கு வந்ததும் கூட்டிப் பிடிக்க வேண்டும். சரிந்திருக்கும்போதும் மணலிலும் முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

மழைக்கு இன்னும் கொஞ்சம்: வீதியில் கீறின வெள்ளைக்கோடு, மூடி போட்ட கான், பாலத்தின் இணைப்பில் வருகிற இரும்புப் பட்டை, இதெல்லாம் நனைந்தால் தாரைவிட மோசம். எங்கள் கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கிறதுக்கு முந்தி பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற படகில், ஏற்றித்தான் பைக்கைக் கொண்டுவர வேண்டும், அந்த இரும்புத் தட்டு நனைந்திருந்தால் உருட்டிக்கொண்டு ஏறுகிறவர்களே விழுவார்கள்.

ஓட்டோ_39:

மாஸ்டருக்கு ஒரு கேள்வி. நிறுத்துகிற தூரத்துக்கும் பாரத்துக்கும் சம்பந்தம் இல்லை, திணிவு வெட்டுப்பட்டுப் போகும் என்று என் தம்பி படிக்கிற காலத்தில் சொல்வான். அப்படியென்றால் மூன்று பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வரும்போது மட்டும் என் ஓட்டோ ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? வெறுமையாக வந்தால் டக்கென்று நிற்கும். கணக்குப் பிழையா, ஓட்டோ பிழையா?

மாஸ்டர்_திருமலை:

தம்பி, நல்ல கேள்வி. கணக்கு இதுதான்: வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வருவதன் இரு மடங்கால் பிரித்தால் நிற்கிற தூரம். அதில் திணிவு இல்லை, பாரம் கூடினால் நிறுத்த வேண்டியதும் கூடும், உராய்வும் அதே அளவுக்குக் கூடும். 40 கிலோமீற்றரில் காய்ந்த தாரில் 9 மீற்றர், 0.4 ஆக நனைந்த தாரில் 16 மீற்றர். 60இல் 20 மீற்றரும் 35 மீற்றரும். இதெல்லாம் சமதரையில், பிரேக் பிடித்த பிறகு. மானைக் கண்டு மூளை காலுக்குச் சொல்ல ஒரு செக்கன் எடுத்தால் 40இல் 11 மீற்றர், 60இல் 17 மீற்றர் அதற்கு முன்னாலேயே போய்விடும். (மான் என்று சும்மா எழுதவில்லை. இரவில் டவுனுக்குள் மான் நிற்கிற ஊரில் இந்த ஒரு செக்கனை மறக்கக்கூடாது.)

ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. டயர் தாங்கக்கூடிய எல்லை வரைக்கும் பிரேக்கால் சில்லைப் பிடிக்க முடிய வேண்டும். வெறும் ஓட்டோவில் உங்கள் பிரேக்குக்கு அந்தப் பலம் இருக்கிறது, நன்றாக மிதித்தால் சில்லு இறுகும். பாரம் ஏற்றினால் டயரின் எல்லை மேலே போகிறது, பிரேக்கின் பலம் அப்படியே நிற்கிறது. அப்போது நிறுத்துகிற விசை பிரேக் கொடுப்பது மட்டுந்தான், நிறுத்த வேண்டிய திணிவோ கூடிவிட்டது. இறக்கம் வேறு முன்னுக்கு இழுக்கிறது. போதாததற்கு வெப்பம்: 700 கிலோ 40இல் இருந்து நிற்கும்போது 43 கிலோயூல் அளவு சக்தி முழுக்கப் பிரேக் டிரம்முக்குள் சூடாக இறங்கும். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறையும், காலுக்குப் பஞ்சு மிதிக்கிறது தெரியும். இறக்கம் தொடங்க முதலே கீழ் கியருக்குப் போட்டு என்ஜினைக் கொண்டு பிடிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கிண்ணியா_கராஜ்:

தம்பி, அதோடு பின் ஹப்பில் ஒயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். லைனிங்கில் ஒயில் பட்டால் எத்தனை கணக்குப் போட்டும் நிற்காது. கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுகிற வேலையும் வேண்டாம், லைனிங் ஒயிலைக் குடித்துவிட்டால் சூடேறும்போது திரும்பக் கக்கும். மாற்றுங்கள்.

நிலாவெளி_வான்:

இடையில் நான் ஒன்று கேட்கலாமா? எனது வானுக்கு ஏபிஎஸ் இருக்கிறது. கந்தளாய்ப் பக்கம் மழையில் மாடு குறுக்கே வந்து அழுத்திப் பிடித்தபோது காலுக்குக் கீழே படபடவென்று அடித்தது. உடைந்துவிட்டதோ என்று காலை எடுத்துவிட்டேன். பிழையா அது?

மாஸ்டர்_திருமலை:

வான் பிழை இல்லை, அது வேலை செய்கிற சத்தம். காலை எடுக்க வேண்டாம், இறுக்கி மிதித்தபடியே வைத்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்புங்கள்.

உருளுகிற சில்லில் தரையைத் தொடுகிற புள்ளி அந்தக் கணத்தில் தரைக்குச் சார்பாக அசையாமல் நிற்கிறது, அதனால் அங்கே வேலை செய்வது நிலையியல் உராய்வு. சில்லு இறுகி வழுக்கத் தொடங்கினால் இயக்கவியல் உராய்வு, அது குறைவு. அதைவிடப் பெரிய பிரச்சினை, வழுக்குகிற டயருக்குத் திசை கிடையாது. உராய்வு அது வழுக்குகிற பக்கத்துக்கு எதிராகத்தான் பிடிக்கும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் வான் நேராகத்தான் போகும். ஏபிஎஸ் ஒரு செக்கனுக்குப் பல தரம் பிரேக்கை விட்டுப் பிடித்து, சில்லு இறுகுகிற எல்லைக்குச் சற்று உள்ளே வைத்திருக்கிறது. 1978இல் மெர்சிடிஸ் காருக்கு பொஷ் கம்பனி செய்து கொடுத்ததில் இருந்து இது பரவியது. ஆழமான மணலிலும் கிரவலிலும் மட்டும் ஏபிஎஸ் இருந்தால் நிற்கிற தூரம் கூடலாம், இறுகின சில்லு தனக்கு முன்னால் மணலைக் குவித்துத் தடை போட்டுக்கொள்ளும், உருளுகிற சில்லுக்கு அந்த உதவி இல்லை.

தண்டவாளம்:

மணலைப் பற்றி எல்லோரும் திட்டுகிறீர்கள், அதற்காக ஒரு வார்த்தை பேச வேண்டும் போல இருக்கிறது. 😀 ரயில் என்ஜினில் மணல் பெட்டி என்று ஒன்று உண்டு தெரியுமா? சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணலைத் தூவுவதற்கு ஒரு குழாய் கீழே வரும். மழையில், ஏற்றத்தில், ஸ்டேஷனில் இருந்து பாரத்தோடு வெளிக்கிடும்போது, இரும்புச் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கினால் மணலைப் போட்டால்தான் என்ஜின் இழுக்கும்.

ஒரே மணல் ரோட்டில் ஆளை விழுத்துகிறது, தண்டவாளத்தில் ரயிலை இழுக்க வைக்கிறது. ஏன் என்றால் என்ஜின் சில்லு தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவுதான், அதில் இறங்குகிற பாரம் தொன் கணக்கு. மணல்மணிக்கு உருளுகிற வாய்ப்பே இல்லை, நொறுங்கித் தூளாகி, நடுவில் இருக்கிற தண்ணீரையும் எண்ணெய்ப் படலத்தையும் கிழித்துக்கொண்டு இரண்டு இரும்பிலும் குத்தி நிற்கும். நனைந்து எண்ணெய் பட்ட தண்டவாளத்தில் உராய்வுக் குணகம் 0.1, அதற்கும் கீழே போகும், மணல் போட்டால் 0.2க்கு மேலே திரும்பி வரும். ஸ்கூட்டி டயருக்கு மணியை உடைக்கிற அழுத்தம் இல்லை, அதனால் அதன்மேல் ஏறிச் சவாரி போகிறது.

இரும்பில் பிடிப்புக் குறைவு என்பதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு தொன் பெட்டியைத் தண்டவாளத்தில் உருட்டிக்கொண்டே இருக்க ஒன்று இரண்டு கிலோ விசை காணும், டயரில் என்றால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வேண்டும். கல் ஓயாவில் இருந்து திருமலைக்கு அவ்வளவு பெட்டியை ஒரு என்ஜின் இழுத்து வருகிறது என்றால் அதனால்தான். அதே காரணத்தால்தான் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. கேட் மூடின பிறகு குனிந்து ஓட்டோவை நுழைக்கிற ராசாக்கள் இதை வாசித்தால் நல்லது.

ஜெட்டி_வேலை:

தண்டவாளத்தார் வந்ததால் நானும் வருகிறேன், கொஞ்சம் தலைப்பை விட்டு விலகினால் மன்னிக்கவும். மாஸ்டர் சொன்ன, பரப்பு முக்கியமில்லை என்கிறதுக்குக் கயிற்றைவிட நல்ல சாட்சி இல்லை. படகைக் கட்டுகிற கயிற்றை ஜெட்டியில் இருக்கிற இரும்புக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி மற்ற முனையைக் கையில் பிடித்தால், குணகம் 0.3 என்று வைத்தாலும், கையில் பிடிக்கிற விசையைப் போல ஆறரை மடங்கு இழுவையைத் தாங்கும். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 286 மடங்கு. கட்டை பருமனா மெலிவா என்கிறது கணக்கில் வரவே வராது, எத்தனை சுற்று என்கிறது மட்டும்தான். புதிதாக வந்த பெடியன்கள் படகு இழுக்கும்போது இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவார்கள், பழைய ஆள் இன்னும் ஒரு சுற்றைப் போட்டுவிட்டு மற்றக் கையால் பீடி பற்றவைப்பார். நனைந்த நைலோன் கயிற்றில் குணகம் இறங்கும், அதற்கு ஒரு சுற்றுக் கூடப் போட வேண்டும். விரலை மட்டும் கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் விடக்கூடாது, அவ்வளவுதான்.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மகள் மாஸ்டரின் பதிலைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். சேர், நனைந்த ரோட்டைவிட முதல் தூறல் மோசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி? கூட மழை பெய்தால்தானே கூட வழுக்க வேண்டும்?

பிறகு, இதே கேள்வியை வேறு மாதிரியும் கேட்க இருக்கிறது. எங்கள் அம்மம்மா வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டா. மாரியில் அந்த ஏற்றத்தில் நனைந்த தரையில் வெறுங்காலோடு அவ நடப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். ஸ்கூட்டிக்குச் சொன்ன கணக்கு காலுக்கும் பொருந்துமா?

மாஸ்டர்_திருமலை:

முதல் தூறல்: ஆறு மாத வெயிலில் ரோட்டில் ஒயில் சொட்டு, டயர் தேய்ந்த றப்பர்த் தூள், புழுதி எல்லாம் சேர்ந்து கிடக்கும். கொஞ்சத் தண்ணீர் பட்டதும் அது கழுவுப்படாமல் குழைந்து வழுவழுப்பான பசை ஆகிறது. அரை மணித்தியாலம் ஊற்றி அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு ரோட்டு ஈரமாக இருந்தாலும் பிடிப்புக் கொஞ்சம் திரும்பும். அதனால் ஐப்பசியில் முதல் துளி விழும்போது ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி நின்றால் நனையாமல் இருக்கலாம் என்பது மட்டும் இல்லை லாபம்.

அம்மம்மா விடயம். நடப்பதும் உராய்வால்தான். கால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை காலை முன்னுக்குத் தள்ளுகிறது, உராய்வு இல்லையென்றால் நின்ற இடத்திலேயே கால் அடிப்போம். உங்கள் ஸ்கூட்டியை முன்னே கொண்டுபோவதும் இதே விசைதான், என்ஜின் சில்லைச் சுற்றுகிறது, ரோட்டுத்தான் தள்ளுகிறது. சமதரையில் சாதாரணமாக நடக்க 0.2 அளவு உராய்வுக் குணகம் காணும். காய்ந்த சீமெந்தில் அதைவிட எத்தனையோ மடங்கு கிடைப்பதால் நாங்கள் யோசிப்பதே இல்லை. ஏற்றத்தில் தேவை கூடும், இறக்கத்திலும் அப்படித்தான், பாசி பிடித்த நனைந்த கல்லில் கிடைப்பது குறையும். ஆட்கள் பெரும்பாலும் வழுக்குவது குதிக்கால் முன்னால் பதிகிற அந்தக் கணத்தில். எட்டு நீளமாக வைத்தால் கால் சரிவாகத் தரையை முன்னுக்குத் தள்ளும், தேவைப்படுகிற உராய்வு கூடும். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதையும் ஒன்றாகப் பதித்து நடந்தால் தேவை குறைந்துவிடும். வயதானவர்கள் நனைந்த தரையில் தாங்களாகவே அப்படித்தான் நடப்பார்கள், அம்மம்மாவை அவசரப்படுத்தாமல் விட்டாலே பாதி சரி. வெறுங்காலைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அடி தேய்ந்து மினுங்குகிற றப்பர்ச் செருப்பைவிட வெறுங்கால் எவ்வளவோ நல்லது.

கிண்ணியா_கராஜ்:

செருப்புக்கும் டயருக்கும் ஒரே சட்டம் என்று இப்போதுதான் விளங்குகிறது மாஸ்டர்.

உப்புவெளிக்காரி:

கராஜ் நானா சொன்னபடி டயரைப் பார்த்தேன். முன் டயரில் 1116 என்று இருக்கிறது, பின் டயரில் 4020. முன்னதில் பூ நன்றாக இருக்கிறது, ஆனால் நகம் இறங்கவில்லை, ஓரத்தில் கோடு கோடாக வெடிப்பு. இந்த மாதம் ஒரு டயருக்குத்தான் காசு சரிவரும். நடு ரோட்டில் பின் டயர் வழுக்கினால்தான் ஆபத்து, பின்னதை முதலில் மாற்று என்று இவர் சொல்கிறார். எதை மாற்ற?

கிண்ணியா_கராஜ்:

காருக்கு என்றால் அவர் சொன்னது சரி, காரில் புது டயர் பின்னுக்குத்தான் போட வேண்டும், பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். ஸ்கூட்டியில் பின் சில்லு வழுக்கினால் வால் ஆடும், கைப்பிடியை நேராகப் பிடித்துக் காப்பாற்ற நேரம் இருக்கும். முன் சில்லு வழுக்கினால் நேரமே இல்லை, நீங்கள் போன கிழமை பார்த்ததுதானே. 2016ஆம் ஆண்டு டயர் அது தங்கச்சி, முன்னதை மாற்றுங்கள், அதே அளவில். காற்று எவ்வளவு அடிக்கிறது என்று சீற்றுக்குக் கீழே அல்லது புத்தகத்தில் இருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள், பெற்றோல் செட்டில் பெடியனின் கை அளவுக்கு விட வேண்டாம். கிண்ணியாப் பக்கம் வந்தால் மாற்றித் தருகிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவேன்.